ஆள் எழுந்து போனது கணினிக்கு எப்படித் தெரியும்?

எங்கள் கணினி அறையில் 24 கணினிகள் இருக்கின்றன. ஒரு வகுப்பு எழுந்து போய் அடுத்த வகுப்பு உட்கார ஐந்து நிமிடம்கூட ஆகாது. மணி அடித்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். 'கணினியிலிருந்து வெளியேறிவிட்டுச் செல்லவும்' என்று சுவரில் ஒட்டிய தாளை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அடுத்து வருகிறவர் உட்கார்ந்தால் முன்னவரின் மின்னஞ்சலும் பாதி எழுதிய கட்டுரையும் கோப்புகளும் திறந்த வீடாகக் கிடக்கும். பெரும்பாலான பிள்ளைகள் அவற்றை மூடிவிட்டுத் தம் வேலையைப் பார்ப்பார்கள். ஒரு நாள் ஒருவன் அப்படிச் செய்யவில்லை. தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாணவியின் மின்னஞ்சலிலிருந்து வகுப்பாசிரியருக்கு நாலு வரி எழுதி அனுப்பிவிட்டான். அந்த நாலு வரியை இங்கே எழுத முடியாது. அன்று மாலையே வேலை என் தலையில் விழுந்தது: யாரும் தொடாமல் கிடக்கும் கணினி, உள்ளே இருப்பவரைத் தானாகவே வெளியேற்றிவிட வேண்டும்.

அரை நாளில் முடித்துவிடலாம் என்றுதான் தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். ஒரு பருவம் முழுவதும் ஓடிவிட்டது. வெளியேற்றுவதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். எப்போது வெளியேற்றுவது என்பதில்தான் நாள்கள் கரைந்தன.

முதலில் செய்தது தவறு என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். விண்டோஸ் 8 முதல், 'இயந்திரம் இத்தனை விநாடி சும்மா இருந்தால்' என்று ஒரு பாதுகாப்பு அமைப்பு, எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி வகுக்கும் குரூப் பாலிசியில் இருக்கிறது. 300 விநாடி என்று கொடுத்து எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். அந்த அமைப்பு ஆளை வெளியேற்றாது, திரையைப் பூட்ட மட்டுமே செய்யும். மறுநாள் இரண்டாவது பாடவேளைக்குள் ஒன்பது கணினிகள் பூட்டியபடி நின்றன. வேறு பயனராக மாறும் வசதியை நினைவகம் மிச்சமாகட்டும் என்று நானே முன்பு மறைத்து வைத்திருந்தேன். அதை மறைத்துவிட்டால், பூட்டிய கணினியைப் பூட்டியவரே வந்துதான் திறக்க வேண்டும். பூட்டியவர் மாடியில் கணக்கு வகுப்பில் இருக்கிறார், நிர்வாகியாகிய நான் வேறு கட்டடத்தில் இருக்கிறேன். பிள்ளைகளுக்கு இருந்தது ஒரே வழி. மின்பொத்தானை அணையும்வரை அழுத்திப் பிடித்தார்கள். அதில் மூன்று பேருடைய கட்டுரைகள் போயின.

பூட்டு, உள்ளே இருப்பவரைக் காக்கிற ஏற்பாடு. ஒரே ஆள் பயன்படுத்தும் அலுவலகக் கணினிக்கு அது பொருந்தும். பொதுக் கணினியில் அது அடுத்தவரின் முகத்தில் கதவைச் சாத்துவதாகத்தான் முடியும்.

சரி, பயனர் மாறும் வசதியைத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன? அதையும் செய்து பார்த்தேன். இரண்டே நாளில் கணினிகள் ஊர்ந்தன. கணினியில் ஓடுவதையெல்லாம் காட்டும் டாஸ்க் மேனேஜரில் பயனர்கள் பக்கத்தைத் திறந்தால் ஒரு கணினிக்குள் ஐந்து பேர், நால்வர் துண்டிக்கப்பட்ட நிலையில். ஒவ்வொருவரின் உலாவியும் திறந்தபடியே நினைவகத்தில் படுத்திருக்கிறது. எங்கள் கணினிகளில் இருப்பது 4 ஜிபி. ஐந்தாவதாக உட்கார்ந்த பிள்ளை ஒரு கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு மேசையில் தலை சாய்த்துக்கொண்டது.

அடுத்து, குறித்த வேளையில் பணிகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரிடம் போனேன். 'கணினி சும்மா இருக்கும்போது' என்று அதில் ஒரு தூண்டல் இருக்கிறது. எனக்கு வேண்டியதும் அதுதானே என்று, விண்டோஸ் தனக்கென்று வைத்திருக்கும் சிஸ்டம் கணக்கில் ஓடும்படி ஒரு பணியை அமைத்து, அதில் வெளியேறும் கட்டளையைப் போட்டேன். பதிவேட்டில் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று வருகிறது, ஆனால் ஆள் அப்படியே உள்ளே இருக்கிறார். ஒருவர் உள்நுழைந்தது முதல் வெளியேறும்வரை அவருக்கென்று இருக்கும் தனி இடத்தை அமர்வு என்பார்கள். விண்டோஸ் விஸ்டா முதல், சேவைகளும் சிஸ்டம் கணக்குப் பணிகளும் பூஜ்யமாவது அமர்வில் தனியாக ஓடுகின்றன. கணினி முன் உட்காருகிறவருக்கு வேறு எண்ணில் அமர்வு கிடைக்கிறது. என் பணி, யாருமே இல்லாத தன் அறையில் நின்றுகொண்டு 'வெளியே போ' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தது. சிஸ்டம் என்று இருந்த இடத்தில் யூசர்ஸ் குழுவைப் போட்டால், உள்ளே நுழைந்திருப்பவரின் அமர்விலேயே பணி ஓடும். இந்த ஒரு தகவல் பின்னால் பெரிதாகக் கைகொடுத்தது.

மாற்றியபின் சில கணினிகள் சொன்னபடி கேட்டன, சில கேட்கவே இல்லை. ஷெட்யூலர் பார்ப்பது கணினி ஓய்ந்திருக்கிறதா என்பதை. விசைப்பலகையும் மவுஸும் மட்டும் அமைதியாக இருந்தால் அதற்குப் போதாது, செயலியும் வட்டும்கூட ஓய வேண்டும். வட்டைச் சீரமைப்பது போன்ற பராமரிப்பு வேலைகளை யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் செய்வதற்காக ஏற்பட்ட தூண்டல் அது. பின்னணியில் ஒரு புதுப்பிப்பு இறங்கிக்கொண்டிருந்தாலோ வைரஸ் சோதனை நடந்துகொண்டிருந்தாலோ, ஆள் போய் ஒரு மணி நேரம் ஆனாலும் அதன் கணக்கில் கணினி வேலையில் இருக்கிறது. ஆள் சும்மா இருப்பதும் இயந்திரம் சும்மா இருப்பதும் வேறு வேறு என்று அப்போதுதான் உறைத்தது.

பழைய ஆட்கள் திரைக்காப்பானை, அதாவது கணினி சும்மா இருக்கும்போது திரையில் படம் ஓட்டும் ஸ்கிரீன்சேவரை, சொன்னார்கள். விண்டோஸ் என்டி காலத்து ரிசோர்ஸ் கிட் என்ற துணைக்கருவித் தொகுப்பில் வின்எக்ஸிட் என்றொரு திரைக்காப்பான் வரும். மீன் நீந்தாது, குழாய் வளராது. எண்ணிக்கை ஓடி முடிந்ததும் ஆளை வெளியேற்றிவிடும். யோசனை இன்றைக்கும் நல்ல யோசனைதான், ஏனென்றால் திரைக்காப்பான் என்பது பெயரின் ஈற்றை எஸ்சிஆர் என்று மாற்றிய சாதாரண நிரல். குரூப் பாலிசியில் எந்தத் திரைக்காப்பான், எத்தனை விநாடியில் என்று கட்டாயமாக்கிவிடலாம். படம் ஓடும்போது திரைக்காப்பான் வராது என்பதும் வசதி. ஒரு மாலையில் சிறு நிரல் எழுதிப் பெயர் மாற்றி வைத்தேன். ஓடியது.

மறுநாள் வரலாற்று ஆசிரியை கோபமாக வந்தார். "சார், திரைக்காப்பான் அமைப்பைத் திறந்து பார்த்தேன், அவ்வளவுதான். என்னை வெளியே தள்ளிவிட்டது. வினாத்தாள் திறந்திருந்தது."

நான் போய்த் திறந்தேன். என்னையும் தள்ளியது. காரணம் சின்னது. அந்த அமைப்புப் பெட்டியைத் திறந்தவுடன், மேலே உள்ள குட்டித் திரையில் முன்னோட்டம் காட்டுவதற்காக விண்டோஸ் அந்த நிரலை ஒரு முறை இயக்கும். முழுதாக ஓடு என்றால் எஸ், முன்னோட்டம் என்றால் பி, அமைப்புகளைக் காட்டு என்றால் சி என்று ஓர் எழுத்தைச் சேர்த்து அனுப்பும். என் நிரல் எந்த எழுத்தையும் படிக்கவில்லை. கூப்பிட்டதும் வெளியேற்றிவிட்டது. எழுத்தைப் படிக்க வைப்பது இரண்டு வரி வேலைதான். ஆனால் அதற்குள் அந்த வழியின் மேல் எனக்கு மனம் விட்டுப்போயிற்று. மவுஸ் அசைந்தால் விலகிக்கொள்வது முதல் எல்லாவற்றையும் நானேதான் எழுத வேண்டும் என்றால், திரைக்காப்பான் வேஷம் எதற்கு? நேராகவே எழுதிவிடலாம்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது அதுதான். விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது ஒரு சிறு நிரல். ஒருவர் உள்நுழைந்ததும் ஷெட்யூலர் அதை அவருடைய அமர்விலேயே, யூசர்ஸ் குழுவின் பெயரில், தொடங்கி வைக்கும். அது பத்து விநாடிக்கு ஒரு முறை விழித்து, விண்டோஸின் கெட்லாஸ்ட்இன்புட்இன்ஃபோ என்ற செயற்கூற்றைக் கேட்கும்: கடைசியாக விசையோ மவுஸோ அசைந்தது எப்போது? விடை, கணினி தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லிவிநாடி என்ற எண்ணாக வரும். இப்போதைய எண்ணிலிருந்து அதைக் கழித்தால் சும்மா இருந்த நேரம் கிடைக்கும். வரம்பைத் தாண்டினால் திரை முழுக்க எச்சரிக்கை வரும், எண்ணிக்கை இறங்கும். யாராவது ஒரு விசையைத் தொட்டால் எச்சரிக்கை மறையும். தொடாவிட்டால் ஆள் வெளியே.

இந்தச் செயற்கூறு, தன்னைக் கூப்பிட்ட அமர்வுக்குள் நடப்பதை மட்டுமே சொல்லும், மற்ற அமர்வுகளை அது அறியாது. அதனால்தான் ஸ்கிரிப்ட் ஒவ்வொருவரின் அமர்வுக்குள்ளும் ஓட வேண்டியிருக்கிறது. சர்வரில் உட்கார்ந்துகொண்டு எல்லாக் கணினிகளையும், யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டும் குயூசர் கட்டளையால் கேட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதில் சும்மா இருந்த நேரத்துக்கென்று ஒரு பத்தியே இருக்கிறது. ஆனால் கணினி முன்னால் நேரடியாக உட்கார்ந்திருப்பவருக்கு, எங்கள் கணினிகளில் அந்தப் பத்தி பெரும்பாலும் காலியாகவே வந்தது. துண்டிக்கப்பட்ட அமர்வுகளைக் கண்டுபிடிக்க மட்டும் அதை வைத்துக்கொண்டேன்.

ஸ்கிரிப்டை எழுத ஒரு மாலைதான் ஆயிற்று. அதன் பிறகு நடந்தவற்றை வரிசை மாறாமல் சொல்கிறேன்.

முதல் வாரத்திலேயே மடிக்கணினிகளில் மட்டும் ஸ்கிரிப்ட் தொடங்கவில்லை. ஷெட்யூலரில் புதுப் பணி அமைத்தால், 'மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு' என்ற பெட்டி கேட்காமலேயே குறியிடப்பட்டு வரும். தள்ளுவண்டியிலிருந்து எடுத்து வகுப்புக்குக் கொண்டுபோகும் மடிக்கணினி மின்கலத்தில்தான் ஓடுகிறது. குறியை எடுத்தேன். அடுத்த தாவலில் 'மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து' என்றும் ஒரு குறி இருக்கிறது, அதையும் எடுத்தேன்.

பிறகு 17ஆம் எண் கணினி. மற்ற எல்லாம் ஒழுங்காக வெளியேற்றும்போது இது மட்டும் மாலைவரை அதே மாணவியை உள்ளே வைத்திருந்தது. ஸ்கிரிப்ட் ஓடுகிறதா என்று பார்த்தேன், ஓடியது. சும்மா இருந்த நேரத்தைத் திரையில் அச்சிடச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 4 விநாடி, 14 விநாடி, 24 விநாடி, மறுபடி 1 விநாடி. நான் தொடவே இல்லை. மீண்டும் 11, 21, மறுபடி 3. திரையை உற்றுப் பார்த்தபோது சுட்டிக்குறி ஒரு புள்ளி அளவு இடப்பக்கம் நகர்ந்து திரும்பி வந்தது, குளிரில் நடுங்குவதைப் போல. அந்த மேசையின் மேல்பலகை மட்டும் பளபளவென்று மெருகேற்றியது. ஒளிமவுஸ் கீழே உள்ள பரப்பைத் தொடர்ந்து படமெடுத்து, இரண்டு படங்களுக்கிடையே என்ன நகர்ந்தது என்று பார்த்துத்தான் அசைவைக் கணிக்கிறது. கண்ணாடி போன்ற பரப்பில் பிடித்துக்கொள்ள அதற்கு ஒன்றும் இல்லை, அதனால் இல்லாத அசைவைக் கண்டுபிடிக்கிறது. மவுஸுக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன். எண் 600ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போயிற்று. இரண்டு மணி நேரம் ஸ்கிரிப்டைத் திட்டியிருந்தேன்.

இதற்குத் தம்பிபோல இன்னொன்று: விசைப்பலகையின் மேல் யாரோ குறிப்பேட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இடைவெளி விசை அழுந்தியபடி, ஆவணம் 140 பக்கத்துக்கு வெறுமையாக நீண்டிருந்தது. விண்டோஸைப் பொறுத்தவரை அங்கே ஒருவர் மிகச் சுறுசுறுப்பாக வேலை செய்கிறார். இதற்கு நான் எதுவும் செய்யவில்லை. குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தேன்.

அதன் பிறகு மூன்று வாரம் எல்லாம் நன்றாக ஓடியது. நாலாவது வாரம், சொல்லி வைத்தாற்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கணினிகள் வெளியேற்றுவதை நிறுத்தின. ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பிழைச்செய்தியும் இல்லை. அச்சிடச் சொன்னால் சும்மா இருந்த நேரம் கழித்தல் குறியோடு, 429 கோடி என்கிற அளவில் வருகிறது. உலகம் தோன்றுவதற்கு முன்பே யாரோ விசையைத் தொட்டதுபோல.

429 கோடி என்ற எண்ணைப் பார்த்ததும் பொறி தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. அது இரண்டின் 32ஆம் அடுக்கு. கெட்லாஸ்ட்இன்புட்இன்ஃபோ கொடுப்பது குறியில்லாத, அதாவது கழித்தல் பக்கம் போகாத, 32 பிட் எண். அதில் மில்லிவிநாடிகளை எண்ணினால் 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்தில் தொடங்கும். இப்போதைய நேரத்துக்கு நான் கேட்டது, நிரல்களுக்கான டாட்நெட் தொகுப்பில் உள்ள டிக்கவுன்டை. அதுவும் 32 பிட்தான், ஆனால் குறியுள்ள எண். அது பாதியிலேயே, அதாவது 24.9 நாளில், உச்சத்தைத் தொட்டுச் சட்டென்று கழித்தல் பக்கம் விழுந்துவிடும். ஒன்று கூட்டலில் இருக்கும்போது மற்றது கழித்தலுக்குப் போனால், வித்தியாசம் எப்போதும் வரம்புக்குக் கீழேதான் இருக்கும், யாரையும் வெளியேற்றாது. இரண்டையும் குறியில்லாத 32 பிட் எண்களாக்கிக் கழித்தால் சுற்றி வருவது தானாகவே சரியாகிவிடும். மாற்றியது ஒரே வரி.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. கணினிகளைத் தினமும் மாலை அணைத்துவிடுகிறோம். 25 நாள் தொடர்ந்து எந்தக் கணினி ஓடியது? டாஸ்க் மேனேஜரில் செயல்நேரத்தைப் பார்த்தால் 25 நாள், சில மணி என்று இருக்கிறது. விண்டோஸ் 8இல் வந்த விரைவுத் தொடக்கம் செய்கிற வேலை இது. அணைக்கச் சொன்னால் பயனரை வெளியேற்றிவிட்டு, இயங்குதளத்தின் கருவை வட்டில் உறங்க வைத்துவிடும். காலையில் எழுப்பும்போது பழைய கணக்கு அப்படியே தொடரும். மறுதொடக்கம் என்று சொன்னால்தான் உண்மையாகவே முதலிலிருந்து தொடங்கும். நாங்கள் அணைத்ததாக நினைத்துக்கொண்டிருந்த 24 கணினிகளும் ஒரே நாளில், நான் ஸ்கிரிப்டை நிறுவி மறுதொடக்கம் செய்த அந்த நாளில், எண்ணத் தொடங்கியிருக்கின்றன. அதனால்தான் அடுத்தடுத்து விழுந்தன. இப்போது விரைவுத் தொடக்கத்தையும் நிறுத்திவிட்டேன். காலையில் கணினி எழச் சில விநாடி கூடுதலாகிறது, யாரும் குறை சொல்லவில்லை.

எத்தனை நிமிடம் என்பது பற்றி ஆசிரியர் அறையில் நடந்த விவாதம் ஸ்கிரிப்டைவிட நீளமானது. நான் ஐந்து நிமிடத்தில் பிடிவாதமாக இருந்தேன், ஓர் எட்டாம் வகுப்பு மாணவியைப் பார்க்கும்வரை. திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வரி படிப்பாள், குனிந்து எழுதுவாள், நிமிர்ந்து விட்ட இடத்தை விரலால் தேடுவாள். அந்த அறையில் அவளைவிட ஊன்றி வேலை செய்தவர் யாரும் இல்லை. விண்டோஸின் கணக்கில் அவள் ஏழு நிமிடமாக அங்கே இல்லை. எச்சரிக்கை வந்தது, குனிந்திருந்தவள் பார்க்கவில்லை, நிமிர்ந்தபோது உள்நுழைவுத் திரை. மறுபடி கடவுச்சொல்லைத் தட்டி, பக்கத்தைத் தேடி, விட்ட இடத்தைத் தேடி, பாடவேளையில் ஒரு துண்டு போயிற்று. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை பார்த்தபோது எழுதிக்கொண்டே இடதுகையால் மவுஸை அவ்வப்போது தட்டிக்கொண்டிருந்தாள். வரம்பை 12 நிமிடமாக்கினேன், எச்சரிக்கைக்கு மேலும் 2 நிமிடம். வகுப்பு மாறும் அந்த ஐந்து நிமிடத்துக்கு இது உதவாது, ஆனால் அந்த நேரத்தில் அறையில் யாராவது பெரியவர் இருக்கிறார். கணினியால் முடியாததை அவர் பார்த்துக்கொள்ளட்டும்.

எச்சரிக்கைத் திரையையும் மூன்று முறை மாற்றி எழுதினேன். முதலில் நாலு வரியில் விளக்கம் எழுதியிருந்தேன்: பாதுகாப்புக் காரணங்களுக்காக, இன்ன நேரத்தில், சேமிக்கப்படாத கோப்புகள் என்றெல்லாம். பிள்ளைகள் படிக்காமலே மூலையில் இருக்கும் பெருக்கல் குறியைத் தேடினார்கள். இப்போது கறுப்புத் திரையில் ஒரு பெரிய எண் இறங்குகிறது, அதன் கீழே 'இங்கே இருக்கிறீர்களா? ஏதாவது ஒரு விசையை அழுத்துங்கள்' என்று மட்டும். கடைசி 30 விநாடியில் ஒலியும் உண்டு. காதொலிப்பான் மாட்டியிருந்தால் ஒலி மேசையில்தான் கேட்கும் என்பது வேறு.

காணொளிதான் அடுத்த தலைவலி. அறிவியல் வகுப்பில் 40 நிமிடப் படம் ஒன்றைத் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டிருந்த 24 பேருக்கும் ஒரே நேரத்தில் எண் இறங்க ஆரம்பித்தது. ஒரு நொடி அமைதி, பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் விசையைத் தட்டும் சத்தம். அது அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று, ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை. படம் ஓட்டும் நிரல்கள் 'திரையை அணைக்காதே' என்று விண்டோஸிடம் சொல்லி வைக்கும், அதனால்தான் திரைக்காப்பான் வருவதில்லை. ஆனால் கெட்லாஸ்ட்இன்புட்இன்ஃபோ அதைக் கண்டுகொள்ளாது. அதற்குக் கைகள் மட்டுமே கணக்கு. நிர்வாகியாக நின்று பவர்சிஎஃப்ஜி கட்டளையில் கோரிக்கைகளைக் கேட்டால், யார் திரையைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் வரும். ஸ்கிரிப்டுக்குள் இதே விஷயத்தை, ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லும் ஒரு கொடியாகப் படிக்க முடிகிறது. அந்தக் கொடி ஏறியிருந்தால் வரம்பு 12இலிருந்து 50 நிமிடமாகும். முழுவதுமாக விலக்கு அளிக்கவில்லை. ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானே ஓட்டுகிற தளங்களில், ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினாலும் படம் ஓடிக்கொண்டே இருக்கும்.

சேமிக்காத வேலையைப் பற்றி நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். மரியாதையாக வெளியேறச் சொன்னால், வேர்ட் 'சேமிக்கவா?' என்று கேட்டுக்கொண்டு நிற்கும், விண்டோஸ் 'இந்த நிரல் உங்களைத் தடுக்கிறது' என்று நீலத் திரையில் காத்திருக்கும். பதில் சொல்ல ஆள் இல்லை. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் மறுபடி அதே மேசைத்திரை, எதுவுமே நடக்காததுபோல. வலுக்கட்டாயமாக வெளியேற்றினால் எழுதியது போகும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி செய்தேன். எண்ணிக்கை தொடங்கும்போதே ஸ்கிரிப்ட் வேர்டைத் தொடர்புகொண்டு, திறந்திருக்கும் ஆவணங்களைச் சேமித்துவிடும். பெயரே வைக்காத ஆவணத்தை, மாணவரின் சர்வர் கோப்புறையில் 'மீட்டவை' என்ற இடத்தில் தேதியும் நேரமும் சேர்த்து வைத்துவிடும். பிறகு வலுக்கட்டாயமாக வெளியேற்றும்.

இது பத்துக்கு ஒன்பது முறை வேலை செய்கிறது. அச்சிடும் பெட்டியோ எழுத்துரு பெட்டியோ திறந்தபடி இருந்தால், வேர்ட் வெளியிலிருந்து வரும் எந்தக் கோரிக்கையையும் 'இப்போது முடியாது' என்று திருப்பி அனுப்பிவிடும். அதற்காகத் தானியங்கி மீட்புக் கோப்பின் இடைவெளியை, இயல்பாக இருக்கும் 10 நிமிடத்திலிருந்து 1 நிமிடமாகக் குறைத்தேன். மீட்புக் கோப்புகள் விழும் இடத்தையும் சர்வருக்கு மாற்றினேன். மறுதொடக்கத்தில் வட்டைப் பழைய நிலைக்குத் திருப்புகிற மென்பொருள் இருக்கும் அறைகளில், இந்த இடமாற்றத்தைச் செய்யாவிட்டால் மீட்புக் கோப்பும் சேர்ந்தே போகும். வரைகலை மென்பொருள்களுக்கு என்னிடம் வழி இல்லை. அவற்றைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள் என்று வாயால்தான் சொல்கிறேன்.

இத்தனையும் செய்து முடித்த பிறகு, கதை தொடங்கிய இடத்துக்கே ஒரு நாள் வந்து நின்றேன். சிறு வகுப்புகளுக்குத் தனித்தனிக் கணக்கு கிடையாது. 'மாணவர்' என்ற ஒரே கணக்கில்தான் எல்லோரும் நுழைகிறார்கள். ஸ்கிரிப்ட் ஒரு பிள்ளையை ஒழுங்காக வெளியேற்றியது. அடுத்த பிள்ளை அதே கணக்கில் நுழைந்து உலாவியைத் திறந்தது. முந்தைய பிள்ளையின் மின்னஞ்சல் திறந்தது. விண்டோஸிலிருந்து வெளியேறுவதால் இணையக் கணக்கிலிருந்து வெளியேறியதாகாது. யார் உள்நுழைந்தார் என்பதை இணையதளங்களுக்கு நினைவூட்டும் குக்கிகள் அந்தப் பொதுக் கணக்கின் கோப்புறையில் பத்திரமாக இருக்கின்றன. குரோமிலும் எட்ஜிலும், உலாவி மூடும்போது உலாவல் தரவை அழிக்கச் சொல்லும் பாலிசி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸிலும் அப்படி ஒன்று உண்டு. ஆனால் நான்தான் வலுக்கட்டாயமாக வெளியேற்றுகிறேனே, 'மூடும்போது' என்ற கணம் அங்கே ஒழுங்காக வருவதில்லை. அழிப்பது அடுத்த தடவை திறக்கும்போது நடக்கட்டும் என்று விடுவதற்கு எனக்கு மனம் இல்லை. பொதுக் கணக்கில் குரோமை மறைமுறையில் (இன்காக்னிட்டோ) மட்டுமே திறக்கும்படி கட்டாயமாக்கினேன். அதில் குக்கி வட்டில் தங்குவதே இல்லை. இந்த ஒரு பாலிசியை முதல் நாளே போட்டிருந்தால், சிறு வகுப்புகளைப் பொறுத்தவரை பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் வகையான உபுன்டு ஓடும் நாலு கணினிகளில் கதை சின்னது. அதன் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டியின் 252ஆம் பதிப்பிலிருந்து, உள்நுழைவுகளைக் கவனிக்கும் லாகின்டியின் அமைப்புக் கோப்பில் ஸ்டாப்ஐடில்செஷன்செக் என்று ஒரு வரி எழுதி நேரத்தைக் கொடுத்தால், சும்மா கிடக்கும் அமர்வை அதுவே முடித்துவிடும். உபுன்டு 24.04இல் இது இருக்கிறது. 22.04இல் இல்லை, அங்கே சும்மா இருந்த நேரத்தைச் சொல்லும் எக்ஸ்பிரின்ட்ஐடில் கொண்டு பழையபடி ஸ்கிரிப்ட்தான், அதுவும் திரையை நடத்தும் புதிய முறையான வேலண்டை விட்டுப் பழைய எக்ஸ் அமர்வில் நுழைந்தால்தான் ஓடும். 'திரையை ஒருபோதும் அணைக்காதே' என்று மேசைத்திரை அமைப்பில் வைத்திருந்தால் அமர்வு சும்மா இருப்பதாக லாகின்டிக்குச் செய்தியே போவதில்லை. எனக்கு ஒரு மாலை போனது அதில்தான். மேக் வைத்திருப்பவர்களுக்குத் தானாக வெளியேற்றும் வசதி அமைப்புகளுக்குள்ளேயே இருக்கிறது, நிர்வகிக்கப்படும் குரோம்புக்குகளிலும் அப்படியே.

பிள்ளைகள் ஸ்கிரிப்டை நிறுத்த முடியுமா? முடியும். அவர்களுடைய உரிமையில் ஓடுவதால் டாஸ்க் மேனேஜரில் முடித்துவிடலாம். பத்தாம் வகுப்பில் இரண்டு பேர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். டாஸ்க் மேனேஜரையே மறைத்துவிடச் சிலர் சொன்னார்கள், நான் மறைக்கவில்லை. இந்த ஏற்பாடு மறந்துவிட்டுப் போகிறவருக்காக. நிறுத்தத் தெரிந்தவருக்கு வெளியேறவும் தெரியும். சிஸ்டம் கணக்கில் இன்னொரு பணி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குயூசர் பட்டியலைப் பார்த்து, துண்டிக்கப்பட்ட அமர்வுகளை எண்ணைச் சொல்லி வெளியேற்றுகிறது. மாலை ஆறு மணிக்கு எல்லாக் கணினிகளும் மறுதொடக்கமாகின்றன.

தேர்வுக்கென்று 'விலக்கு' என்றொரு குழு வைத்திருக்கிறேன். அதில் இருக்கும் கணக்குகளை ஸ்கிரிப்ட் தொடாது. போன தேர்வுக்காக ஒரு வகுப்பையே அதில் சேர்த்தேன், தேர்வு முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் எடுக்க மறந்தது தெரிந்தது. தெரிந்ததும் ஒரு திறந்த மின்னஞ்சலால்தான். நல்ல வேளை, அந்த முறை அதன்முன் உட்கார்ந்த பிள்ளை எழுந்து வந்து என்னிடம் சொன்னது. இப்போது அந்தக் குழுவில் சேர்ப்பதற்கு முடிவுத் தேதியும் கேட்கும்படி ஒரு சிறு படிவம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.